காப்பீட்டு அட்டை இருந்தும் 46,500 ரூபாய் போனது. அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்!

நேற்று மாலைதான் அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. வாசலிலேயே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பலகை. அதைப் பார்த்துத்தான் நெஞ்சு வலியோடு அப்பாவை உள்ளே கூட்டிப் போனேன். காப்பீட்டு மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, திட்டம் மாறிடுச்சு. இது பழைய கார்டு, அப்ரூவல் லேட்டாகும். இப்போ அட்வான்ஸ் கட்டுங்க, வந்ததும் திருப்பிக் கொடுத்துடுவோம். நானும் அப்பா அம்மா இருக்கிறவன்தான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நம்பினேன். அம்மாவின் வளையலை அடகு வைத்து 46,500 ரூபாய் கட்டினேன். கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. நீல மையில் தொகை, கீழே ஒரு கிறுக்கல், முத்திரை கிடையாது.

அன்றிரவே அப்ரூவல் வந்துவிட்டதாக நர்ஸ் அக்கா சொன்னார். மறுநாள் பணத்தைக் கேட்டால் "அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க". அங்கே போனால் "மேனேஜர் லீவு". மூன்றாம் நாள் "அது நல்ல ஸ்டென்ட்டுக்கான (இதய ரத்தக் குழாயில் வைக்கும் சிறு குழாய்) வித்தியாசம் சார்". எங்களிடம் யார் கேட்டார்கள்? 46,500 ரூபாய், தறி ஓட்டுகிற வீட்டில்!

திட்டம் மாறியது உண்மைதான். 2012-இல் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்த்து 5 லட்சம். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பும் 72,000-லிருந்து 1,20,000 ஆனது. எல்லாம் நமக்கு நல்லதுக்குத்தான். ஆனால் என்ன மாறியது என்று யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. அந்தத் தெரியாமையை வைத்துத்தான் காசு பார்க்கிறார்கள். அவசர சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இல் மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசு மருத்துவமனைகள் பற்றிய வழக்கு. இப்போது அரசே அட்டை கொடுத்து நம்மைத் தனியாரிடம் அனுப்புகிறது. அங்கே பணம் கட்டினால்தான் கதவு திறக்கும் என்றால், அந்த உரிமைக்கு யார் பொறுப்பு? திட்டத்தை மாற்றுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டாமா?

சரி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது: அட்வான்ஸ் கேட்டால் அங்கேயே நின்று திட்டத்தின் இலவச உதவி எண் 1800 425 3993-க்குப் போன் போடுங்கள். துண்டுச்சீட்டு வாங்காதீர்கள், முத்திரை போட்ட ரசீது கேளுங்கள். அட்டை செல்லுமா என்று இப்போதே ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பார்த்துவிடுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன், அந்தத் துண்டுச்சீட்டோடு.