பாய்மரப் படகில் இரவில் எந்த விளக்கு? மலாக்கா நீரிணையில் என் அனுபவம்

பினாங்கில் கட்டியிருக்கும் என் பாய்மரப் படகு 33 அடி நீளம், உள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின். லங்காவிக்கோ பங்கோருக்கோ போவதென்றால் முடிந்தவரை இரவில்தான் கிளம்புவேன். பகலில் பெரும்பாலும் காற்று செத்துக் கிடக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். இரவில் கரையிலிருந்து வீசும் காற்று பாயில் பிடித்துவிட்டால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். அதனால் மற்ற கப்பல்களுக்கு நம்மைக் காட்டும் நேவிகேஷன் லைட்டுகளோடு பல வருடப் பழக்கம். நல்ல விளக்காக வாங்குவது பாதி வேலைதான். எப்போது எதைப் போடுவது, எதை அணைப்பது என்பது மீதிப் பாதி. பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

என் படகில் இரண்டு தொகுப்பு இருக்கிறது. பாய்மரத்தின் உச்சியில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் ஒரே கூட்டில் சேர்ந்த எல்இடி டிரைகலர். அதன் தலையிலேயே நங்கூர விளக்கு. கீழே அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஒரு விளக்கு, பின்பக்கக் கம்பியில் ஒரு வெள்ளை, பாய்மரத்தின் பாதி உயரத்தில் முன்னோக்கிய இன்னொரு வெள்ளை. இந்தக் கடைசி விளக்கைத்தான் ஸ்டீமிங் லைட் என்கிறோம்.

கோல்ரெக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பாயில் மட்டும் போகும் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. பக்கத்துக்கு 112.5 பாகை, பின்னால் 135 பாகை, கூட்டினால் முழு வட்டம். 20 மீட்டருக்குக் குறைந்த படகு இந்த மூன்றையும் ஒரே டிரைகலராக உச்சியில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சினை கியரில் போட்ட நொடியிலிருந்து, மேலே பாய் விரிந்திருந்தாலும் சரி, அது எஞ்சின் படகு. அப்போது டிரைகலரை அணைத்துவிட்டுக் கீழ்த் தொகுப்பையும் ஸ்டீமிங் லைட்டையும் போட வேண்டும். ஸ்டீமிங் லைட்டின் வெள்ளை, பக்க விளக்குகளுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது விதி. டிரைகலர் எரியும்போது அதையும் சேர்த்துப் போட்டால் வெள்ளை கீழேயும் நிறங்கள் மேலேயும் ஆகிவிடும். அப்படி ஒரு அடையாளமே விதிகளில் கிடையாது.

ஒருமுறை என்னோடு வந்த ஒரு தம்பி, "உச்சி விளக்கு, கீழ் விளக்கு ரெண்டையும் சேர்த்துப் போட்டா இன்னும் நல்லாத் தெரியுமே அண்ணே?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எதிரே வரும் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், நிற்கும் அதிகாரிக்கு இரண்டு சிவப்பு தெரியும். ஒன்று உயரத்தில், ஒன்று தண்ணீரை ஒட்டி. இரண்டு படகா, நடுவில் ஏதாவது கட்டி இழுக்கிறார்களா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் தூரம் குறைந்துவிடும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்க விளக்கு ஒரு கடல் மைலுக்குத் தெரிந்தால் போதும் என்கிறது விதி. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் அந்த ஒரு மைலை 4 நிமிடத்தில் கடந்துவிடும். அந்த 4 நிமிடத்தில் பாதியை நாமே அவருக்குப் புதிர் போட்டு வீணாக்கக் கூடாது.

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஸ்டீமிங் லைட்டை எரியவிட்டு வரும் படகுகளையும் நிறையப் பார்க்கிறேன். பொதுவாக எஞ்சின் கப்பல் பாய்ப் படகுக்கு வழிவிட வேண்டும். ஆனால் அந்த வெள்ளை விளக்கு எரிந்தால் நாமும் எஞ்சின் படகாகத்தான் அந்தக் கப்பலின் அதிகாரிக்குத் தெரிவோம். அவர் நம் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்தால், நாம் விலகுவோம் என்றே எதிர்பார்ப்பார். நாமோ அவர் விலகுவார் என்று காத்திருப்போம்.

இதற்காகவே தனித்தனி சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு ஒரு ரோட்டரி சுவிட்ச் பொருத்தினேன். ஆஃப், உச்சி, கீழ், எஞ்சின், நங்கூரம் என்று ஐந்து நிலை. தவறான சேர்க்கை வரவே முடியாதபடி வயரிங். சுவிட்சின் குமிழில் தடவிப் பார்க்கும் அளவுக்கு ஒரு கோடு கீறியிருக்கிறேன், டார்ச் இல்லாமலே விரலுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் இந்தப் படகில் செய்த மாற்றங்களில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

உச்சியா கீழா என்பதற்கு என் கணக்கு எளிது. கரையை விட்டு விலகிய பிறகு உச்சி விளக்கு, ஏனென்றால் அலைக்கு மேலே நிற்கிறது, தூரத்துக் கப்பலுக்குத் தெரிகிறது. துறைமுகத்தை நெருங்கியதும் பாயில் இருந்தாலும் கீழ்த் தொகுப்பு. சின்ன மீன்பிடிப் படகில் இருப்பவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. அப்படியே பார்த்தாலும் உச்சியில் இருக்கும் விளக்கின் தூரத்தை அவரால் கணிக்க முடியாது.

அப்புறம் எல்இடி விஷயம். பழைய 25 வாட் பல்பு 12 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்தப் பக்கம் வருடம் முழுக்க இரவு கிட்டத்தட்ட 12 மணி நேரம், ஆக விடிவதற்குள் 25 ஆம்பியர்-மணி போய்விடும். எல்இடியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆனால் படகை நான் வாங்கியபோது, பழைய கூட்டுக்குள் வெறும் எல்இடி பல்பை மட்டும் மாட்டியிருந்தார்கள். பச்சை நீலம் தட்டித் தெரிந்தது. நிற எல்லைகளும் குழம்பியிருந்தன. அதைவிட மோசம், விளக்கைப் போட்டதும், மற்ற கப்பல்களின் இருப்பிடத்தை ரேடியோ வழியாகக் காட்டும் ஏஐஎஸ் திரையிலிருந்து தூரத்துக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விஎச்எஃப் ரேடியோ ஆண்டெனாவும் அதே உச்சியில்தானே இருக்கிறது, மலிவான எல்இடி சர்க்யூட் எழுப்பும் இரைச்சல் அதை அடைத்துவிடுகிறது. 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையே இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. சோதனை சுலபம்: ரேடியோவை யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் ஸ்கெல்ச் என்னும் இரைச்சல் அடக்கும் குமிழைத் திருப்பி, விளக்கைப் போடுங்கள். மறுபடி இரைந்தால் குற்றவாளி விளக்குதான். கூட்டோடு சேர்த்துச் சான்று பெற்ற முழு யூனிட்டாக மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை நங்கூரத்தில் நிற்கும்போது டிங்கி என்னும் சின்னப் படகில் என் படகைச் சுற்றி வருவேன். மனைவி மேலே நின்று சுவிட்சைத் திருப்புவாள். நேர் முன்னால் வந்தால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிய வேண்டும். பக்கவாட்டைத் தாண்டி 22.5 பாகை பின்னால் போனதும் நிறம் மறைந்து வெள்ளை வர வேண்டும். ஒருமுறை அணியத்துப் பச்சை மங்கலாக இருந்தது. கழற்றினால் கண்ணாடியின் உட்புறம் உப்பு பால் போலப் படிந்திருக்கிறது. பாய்மரத்தின் அடியில் இருக்கும் வயர் இணைப்பும் பச்சை பூத்துப் போகும், அதையும் கூடவே பார்த்துவிட வேண்டும்.

நம் விளக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, இந்தக் கடலில் மற்றவர்களுடையதையும் படிக்கத் தெரிய வேண்டும். இழுவலைப் படகென்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை. கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை வெளிச்சம் அடிவானத்தையே நிறம் மாற்றிவிடும். வலை மிதவைகளில் எல்லா நிறத்திலும் மினுக்கு விளக்குகள், அவற்றுக்கு விதியே இல்லை. நான் உண்மையிலேயே பயப்படுவது டக் எனப்படும் இழுவைப் படகுக்குத்தான். செங்குத்தாக இரண்டு வெள்ளை என்றால் அது எதையோ இழுக்கிறது, மூன்று என்றால் இழுவையின் நீளம் 200 மீட்டருக்கு மேல். பின்னால் இழுபட்டு வரும் பார்ஜ் என்னும் சரக்குப் படகில் பக்க விளக்குகளும் பின் வெள்ளையும் மட்டும்தான், பலவற்றில் அவையும் மங்கல். பாய்ப் படகுக்கும் அதே அடையாளம்தான் என்பதால், தனியாக ஒரு சிவப்பைக் கண்டதும் பாய்ப் படகு என்று முடிவு கட்டாதீர்கள். முன்னால் வெள்ளைகள் அடுக்காகத் தெரிகிறதா என்று முதலில் தேடுங்கள்.

எவ்வளவு செய்தும் ஒரு கப்பல் நம்மைக் கவனிக்கவில்லை என்று தோன்றினால், பளிச்சென்ற டார்ச்சைப் பாயின் மேல் அடிக்கிறேன். வெள்ளைத் துணி முழுவதும் ஒளிரும், எந்த விளக்கோடும் குழம்பாது. உச்சியில் ஸ்ட்ரோப் வைக்கச் சொல்லிக் கடைகளில் வற்புறுத்துவார்கள். கவனத்தை ஈர்க்க அப்படிப்பட்ட மின்னும் விளக்கைத் தவிர்க்க வேண்டும் என்று 36-ஆவது விதியே சொல்கிறது, அதனால் நான் வாங்கவில்லை. டார்ச் மட்டும் ஸ்டியரிங் பக்கத்திலேயே கயிற்றில் தொங்கும், கிளம்பும் முன் சார்ஜ் பார்த்துவிடுவேன்.