“முழு செட்” என்று தலையில் கட்டுகிறார்கள்: முதல் ஸ்கூபா கியர் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கின் முதல்நிலையான ஓப்பன் வாட்டர் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்த ஒருவருக்கு ஒரு விற்பனையாளர் விற்ற செட்டைப் பற்றிய பதிவு இது. மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்த உடை), பிசிடி (காற்றை ஊதியும் விட்டும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கருவி), ஆக்டோபஸ் (அவசரத்துக்கான இன்னொரு மவுத்பீஸ்), பிரஷர் கேஜ், டைவ் கம்ப்யூட்டர், அலுமினிய சிலிண்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை. “வாடகைக்கு ரெண்டு சீசன்தான் ஓடுச்சு, போன மாசம்தான் ஃபுல் சர்வீஸ் பண்ணோம், அப்படியே தண்ணியில இறங்கலாம்” என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, அப்படியே தண்ணீருக்குக் கொண்டுபோகக்கூடியதாக இருந்தவை ஃபின்களும் பிரஷர் கேஜும் மட்டுமே. ரெகுலேட்டர், பிசிடி, சிலிண்டர் ஆகிய மூன்றுமே ஆபத்தான நிலையில் இருந்தன.

இதே மாதிரியான செட்டுகள் இதே வாய்ஜாலத்தோடு பல இடங்களில் கைமாறுகின்றன. பயிற்சியில் கியரை மாட்டவும் கழற்றவும் கற்றுத்தருகிறார்கள். வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பழைய வாடகைச் சரக்கு விலைபோகிறது.

பெரிய ஏமாற்று ரெகுலேட்டரில்தான் நடந்திருந்தது. சிலிண்டரோடு இணையும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியைத் திறந்தால், சிலிண்டர் காற்று உள்ளே நுழையும் வாயில் சின்னதாக ஓர் உலோக ஃபில்ட்டர் தெரியும். வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. சில மாடல்களில் கூம்பு, சிலவற்றில் தட்டை வில்லை. டார்ச் அடித்துப் பாருங்கள். நிறம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது: மூடியைப் போடாமல் கழுவியிருப்பார்கள், அல்லது ஊறவைத்திருக்கும்போது வாயில் வைக்கும் பகுதியில் உள்ள பர்ஜ் பட்டனை (காற்றைத் திறந்துவிடும் பட்டன்) அழுத்தியிருப்பார்கள். செம்பழுப்பு என்றால் உட்புறம் துருப்பிடித்த ஸ்டீல் சிலிண்டரில் ஓடியிருக்கிறது. சாம்பல், கறுப்புத் தூள் என்றால் அலுமினிய ஆக்சைடோ கம்ப்ரஸர் ஃபில்ட்டரின் கரித்தூளோ வந்திருக்கிறது. முழு சர்வீஸ் என்றால் இந்த ஃபில்ட்டரைக் கட்டாயம் மாற்றுவார்கள்; அது சர்வீஸ் கிட்டிலேயே வரும். இந்த செட்டில் ஃபில்ட்டரின் பாதி பச்சை. போன மாதம் சர்வீஸ் செய்தோம் என்பது பொய் என்று தெரிய, ஸ்பேனரைக் கையில் எடுக்கவே தேவைப்படவில்லை.

அடுத்தது இன்டர்மீடியட் பிரஷர். சிலிண்டரின் 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஏறத்தாழ 9 முதல் 10 பாராகக் குறைத்து ஹோஸுக்குள் அனுப்புகிறது. சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும், தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். பிசிடிக்குப் போகும் இன்ஃப்ளேட்டர் ஹோஸின் முனையில் மாட்டிப் பார்க்கும் சிறிய கேஜ் ஒன்று கிடைக்கிறது. அதை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, பர்ஜை இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள். முள் சட்டென்று ஓர் எண்ணில் வந்து நிற்க வேண்டும், சில நிமிடம் கழித்தும் அங்கேயே இருக்க வேண்டும். இங்கே 9.5-இல் நின்ற முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 11-ஐத் தாண்டியது. உயர் அழுத்தப் பக்கத்தில் வால்வை மூடும் சீட் தேய்ந்து அதில் வளையமாகப் பள்ளம் விழுந்துவிட்டால், அல்லது அந்த இடத்தில் உப்போ தூசோ உட்கார்ந்துவிட்டால், வால்வு முழுதாக மூடாது. காற்று கசிந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஏறிய அழுத்தம், வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜைத் தள்ளித் திறக்க, “ஸ்ஸ்” என்று சத்தம் வரும். முற்றினால் டைவின் நடுவில் காற்று கொட்ட ஆரம்பித்துவிடும்.

அந்தச் சத்தத்தை மறைக்க ஒரு மோசமான வழி உண்டு, அதைத்தான் இதில் செய்திருந்தார்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜைச் சரிசெய்யாமல், செகண்ட் ஸ்டேஜின் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டார்கள். சத்தம் நின்றுவிடும். ஆனால் மூச்சை இழுக்க அதிக பலம் வேண்டியிருக்கும். கடையில் நின்றபடி ரெண்டு மூச்சு இழுத்துப் பார்த்தால் இது தெரியாது. 18 மீட்டரில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது மூச்சு முட்டும். புதியவர் அதைத் தன் பயம் என்று நினைத்துக்கொள்வார். இதைக் கண்டுபிடிக்க ஒரு பாத்திரம் தண்ணீர் போதும். காற்றைத் திறந்துவிட்டு, சரிசெய்யும் குமிழ் இருந்தால் அதை முழுக்கத் தளர்த்தி, மவுத்பீஸ் மேலே பார்க்கும்படி செகண்ட் ஸ்டேஜை மெல்ல நீரில் இறக்குங்கள். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 2.5 முதல் 4 சென்டிமீட்டர் போனதும் காற்று வர ஆரம்பிக்க வேண்டும். மவுத்பீஸின் விளிம்பு வரை முக்கியும் காற்று வராவிட்டால் இறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காற்று பீறிட்டால் வெளியே எடுத்து மவுத்பீஸை விரலால் அடையுங்கள், நின்றுவிடும்.

சிலிண்டரே இல்லாமல் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு செகண்ட் ஸ்டேஜில் மூச்சை இழுங்கள். கொஞ்சமும் காற்று வரக்கூடாது. வந்தால், விட்ட மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மடங்கியிருக்கிறது, அல்லது டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. காற்று வருகிற வழியில்தான் கடலுக்கடியில் தண்ணீரும் வரும். ஆக்டோபஸையும் தவறாமல் இப்படிச் சோதியுங்கள். அதை யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதே இல்லை.

ஹோஸ்களின் முனையில் இருக்கும் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் விழும், உறை அதை மறைத்துவிடும். துணி பின்னிய ஹோஸ் என்றால் இன்னும் கவனம். சில பழைய பின்னல் ஹோஸ்களில் உட்பூச்சு சிதைந்து படிகமாகித் திரண்டு காற்றை அடைத்திருக்கிறது; வெளிப்பின்னலோ புதிது மாதிரியே இருக்கும். பழையதென்றால் மாற்றிவிடுவதுதான் சரி.

மாடலையும் கேளுங்கள். தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கு சர்வீஸ் கிட் கிடைக்காவிட்டால் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் நஷ்டம். “வாழ்நாள் முழுக்க உதிரிபாகம் இலவசம்” என்ற வாரண்டியில், குறித்த காலத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்த ரசீது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஒரு தடவை தவறினால் வாரண்டி போய்விடும். முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதும் உண்டு, ஆகவே பழைய செட்டோடு சேர்த்துத் தரும் வாரண்டி அட்டைக்கு மதிப்பே இல்லாமல் போகலாம். குளிர்ந்த நீரில் இறங்குகிறவர்கள் ஐரோப்பியத் தரமான ஈஎன் 250 முத்திரைக்குப் பக்கத்தில் பாருங்கள்: 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்று குறித்திருந்தால், அதைவிடக் குளிர்ந்த நீரில் அது உறைந்து காற்றைக் கொட்டலாம்.

இனி சிலிண்டர். இதை விற்றதை மன்னிக்கவே முடியாது. பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே உள்ள முத்திரைகள் பெயிண்டில் பாதி மூழ்கியிருந்தன. சுரண்டிப் படித்த விவரங்களின்படி தயாரித்த ஆண்டு 1985, உலோகம் 6351 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவை. இந்தக் கலவையில் செய்த அலுமினிய சிலிண்டர்களில், அழுத்தத்திலேயே நெடுங்காலம் இருப்பதால் கழுத்து மரையில் விரிசல் விழுவது தெரிந்த பிரச்சினை. நிரப்பும்போது வெடித்தவையும் உண்டு. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988-இலேயே இந்தக் கலவையை விட்டுவிட்டு 6061-க்கு மாறியது. 6351 என்று தெரிந்தால் பல நிரப்பு நிலையங்கள் கையில்கூட வாங்காது. புதுப் பெயிண்டும் தனியே ஓர் ஆபத்து: சூளையில் வைத்துச் சுடும் பவுடர் கோட்டிங் அடித்திருந்தால், ஏறத்தாழ 175 டிகிரியைத் தாண்டிய சூட்டில் அலுமினியம் வலுவிழந்துவிடும், அந்த சிலிண்டரைக் கழித்துக்கட்ட வேண்டியதுதான். ஹைட்ரோ சோதனையின் (நீரால் அழுத்தம் ஏற்றி சிலிண்டரின் வலுவைப் பார்ப்பது) மாதமும் ஆண்டும் முத்திரையாகக் குத்தியிருக்க வேண்டும். பல நாடுகளில் அது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. உட்புறத்தைக் கண்ணால் பார்க்கும் சோதனை அதைவிட அடிக்கடி. ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டி “டெஸ்ட் ஆயிடுச்சு” என்றால் ஹைட்ரோவுக்கு அதை ஏற்காதீர்கள். எங்கள் கருத்து, முதல் செட்டில் சிலிண்டரே வேண்டாம். எடைக்கட்டிகளையும் அதையும் டைவ் செய்யும் இடத்திலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

இணையத்தில் கைப்பம்புடன் விற்கும் அரை லிட்டர் குட்டி சிலிண்டரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 200 பாரில் நிரப்பினால் 100 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஒருவர், அழுத்தம் இரட்டிப்பாகும் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். இரண்டரை நிமிடம்கூட முழுதாக வராது. திடீரென்று காற்று தீர்ந்து மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும், அதற்கு ஆழம்கூடத் தேவையில்லை. பயிற்சியே இல்லாதவர்களுக்கு இதை விளையாட்டுச் சாமான் மாதிரி விற்கிறார்கள்.

பிசிடியில் ஏமாற்று சத்தமில்லாமல் இருந்தது. இன்ஃப்ளேட்டர் ஹோஸை மாட்டிவிட்டு, எந்தப் பட்டனையும் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டதில் பை தானாக உப்ப ஆரம்பித்தது. இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கும் சின்ன வால்வு உப்பேறி மூடாமல் போயிருந்தது. கடலுக்கடியில் இது நடந்தால், நிறுத்த முடியாமல் மேலே தூக்கிக்கொண்டு போகும். எந்த பிசிடியையும் வாங்குமுன் இந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். பிறகு, அதிக அழுத்த வால்வு திறக்கும்வரை ஊதி, இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் தொளதொளத்திருந்தால் கசிவு இருக்கிறது.

அளவையும் வெறும் சட்டையோடு பார்க்கக்கூடாது. போடப்போகிற வெட்சூட்டைப் போட்டு, சிலிண்டரை மாட்டி, முழுக்க ஊதிப் பாருங்கள். நெஞ்சு இறுகி மூச்சு குறைந்தால் சிறியது. தோளிலிருந்து மேலே ஏறிக் காதைத் தொட்டால் பெரியது. பிசிடியின் தூக்கும் திறனை லிஃப்ட் என்பார்கள்; “லிஃப்ட் அதிகம், அதனால பாதுகாப்பு” என்ற பேச்சை நம்ப வேண்டாம். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு நிரம்பிய காற்றின் எடை ஏறத்தாழ 2.7 கிலோ, அதோடு ஆழத்தில் நியோப்ரீன் அமுங்குவதால் இழக்கும் மிதப்பைச் சேர்த்தால், மெல்லிய சூட்டுக்கு 10 முதல் 12 கிலோ லிஃப்ட் பொதுவாகப் போதும். தேவைக்கு மேல் பெரிய பையில் காற்று அங்குமிங்கும் உருண்டு சமநிலையைக் கெடுக்கும்.

டைவ் கம்ப்யூட்டர் உண்மையைத் தானே சொன்னது. மெனுவில் ஹிஸ்டரி என்று இருக்கும். மொத்த டைவ், மொத்த மணிநேரம், அதிகபட்ச ஆழம் அங்கே பதிவாகியிருக்கும். பல மாடல்களில் கடைக்காரரால் அதைச் சுலபமாக அழிக்க முடியாது. ரெண்டு சீசன் என்று சொன்ன செட்டின் கம்ப்யூட்டரில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட டைவ்கள் பதிவாகியிருந்தன. பேட்டரியை நாமே மாற்றலாமா, தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும், ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ் கலவைக்கு ஆக்சிஜன் சதவீதத்தை மாற்றும் வசதி இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் பாருங்கள். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் விட்டுவிடுங்கள்.

மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துக் காட்டி “பாருங்க, ஒட்டுது” என்பார்கள். வேகமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டும். தலையை அண்ணாந்து, பட்டையில்லாமல் மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள். இழுக்காமலேயே விளிம்பு சுற்றிலும் படிய வேண்டும். நெற்றியோரத்திலும் மேலுதட்டிலும் இடைவெளி இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டு அதையே மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் கடிக்கும்போது கன்னமும் மேலுதடும் உருமாறும். கண்ணாடியில் டெம்பர்டு (சூடேற்றி வலுவூட்டியது) என்ற குறி கட்டாயம் வேண்டும். வெட்சூட்டில் முதுகுக் குழிவிலும் அக்குளிலும் காற்றுப்பை நிற்கக்கூடாது. பழைய நியோப்ரீனை விரல்களால் கிள்ளிவிட்டால் தடிமன் உடனே திரும்ப வேண்டும். திறந்த குதிகால் ஃபின் என்றால் முதலில் பூட்ஸ், அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபின்.

வரிசை என்று கேட்டால், மாஸ்க், பூட்ஸ், ஃபின், பிறகு கம்ப்யூட்டர். வாடகையில் கொஞ்ச காலம் டைவ் செய்து எந்த மாதிரி நீரில் இறங்கப்போகிறீர்கள் என்று தெரிந்தபின் வெட்சூட், ரெகுலேட்டர், பிசிடி. பயிற்சி முடியுமுன்பே முழு செட்டை வாங்கச் சொல்லும் பயிற்சியாளரிடம், இந்த விற்பனையில் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். நல்லவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

இந்த வாங்குபவர் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பில்லில் “டைவிங் செட் – 1” என்ற ஒரே வரிதான் இருந்தது. மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. எதை விற்றோம் என்பதையே மறுக்க அது போதுமாக இருந்தது. நீங்கள் பணம் கொடுக்குமுன், ஒவ்வொரு பொருளையும் தனி வரியாக, மாடலோடும் சீரியல் எண்ணோடும் எழுதி வாங்குங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கும் தனித்தனி எண் இருக்கும். சர்வீஸ் செய்தது என்றால் தேதி, போட்ட கிட், அளந்த இன்டர்மீடியட் பிரஷர் ஆகிய மூன்றும் உள்ள ரசீதைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள், பல டெக்னீஷியன்கள் அவற்றைக் கவரில் போட்டுத் தருவார்கள். “வேறொரு டெக்னீஷியன் சோதித்துக் குறை சொன்னால் இத்தனை நாளுக்குள் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்” என்ற வரியையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எதையும் நீங்களாகப் பிரிக்காதீர்கள். ஃபில்ட்டரையும் சிலிண்டர் முத்திரையையும் கம்ப்யூட்டரின் ஹிஸ்டரி திரையையும் படம் எடுத்துவிட்டு, அந்த விற்பனையாளரோடு தொடர்பில்லாத டெக்னீஷியனிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிய பிறகே பேசப் போங்கள்.