உளுந்துக்கு ரைசோபியம் உயிர் உரம்: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சு கட்டித் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் மாற்றித் தரும் ரைசோபியம் பாக்டீரியாவை, 200 கிராம் பொட்டலமாக வாங்கி இந்தப் பருவத்தில் உளுந்துக்குப் பயன்படுத்தினேன். ஆறிய வடிகஞ்சியில் குழைத்து, விதைகளின் மேல் கரும்பூச்சாகப் படியும்படி புரட்டி, 30 நிமிடம் நிழலில் உலர்த்தி விதைத்தோம்.

35ஆம் நாள் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரை நீரில் அலசிப் பார்த்தபோது, மிளகளவு முடிச்சுகள் கொத்துக்கொத்தாக இருந்தன. ஒன்றை நகத்தால் கீறியதும் உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஒத்த லெக்ஹீமோகுளோபின் தரும் அந்த நிறமே, பாக்டீரியா உயிர்ப்போடு வேலை செய்வதற்கான அடையாளம். அதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி பெரிது. மேலுரமாக யூரியா இட வேண்டிய தேவை எழவில்லை.

குறை பொருளில் இல்லை, விற்கும் முறையில் இருக்கிறது. நான் முதலில் சென்ற கடையில் பொட்டலங்கள் வெயில் படும் வாசலில், பூச்சிமருந்துப் புட்டிகளுக்கு அருகே அடுக்கப்பட்டிருந்தன; காலாவதி நாளும் கடந்திருந்தது. உயிருள்ள பொருளை அப்படி வைத்து விற்பது விவசாயியை ஏமாற்றுவதற்குச் சமம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கியதையே நான் பயன்படுத்தினேன். பயிருக்குப் பயிர் ரைசோபியம் வேறுபடுவதால், நிலக்கடலை போடுபவர்கள் அதற்குரிய பொட்டலத்தையே கேட்டு வாங்க வேண்டும்.