குன்னூர்–ஊட்டி நெரிசல்: மலை ரயிலா, ரோப் காரா, கூடுதல் பஸ்ஸா?

சீசன் வந்து மலைப்பாதை அடைபட்டதும் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். மலை ரயிலை அதிகம் விடு, ரோப் கார் போடு, பஸ்ஸைக் கூட்டு, கார்களைக் கீழேயே நிறுத்து. நாலையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இத்தலாரிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்கும், கொலக்கம்பையிலிருந்து குன்னூர் பள்ளிக்கூடத்துக்கும் வருஷம் முழுக்கப் போய்வருகிறவர்களுக்கு இதனால் என்ன கிடைக்கும்? இரண்டு நாள் தங்க வருகிறவர்களின் வசதி அதற்கு அப்புறம்தான்.

முதலில் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை, மொத்தம் 46 கிலோமீட்டர். மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே எஞ்சினின் பல்சக்கரம் பல் தண்டவாளத்தைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், ஐப்பசி மழையில் மண் சரிந்தால் வண்டியே கிடையாது. 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது, இஷ்டத்துக்கு மாற்றிக் கட்ட முடியாது. ஆகவே இந்தக் கீழ்ப்பாதியில் தினசரிப் பயணத்தை எதிர்பார்ப்பது வீண். ஆனால் குன்னூரிலிருந்து ஊட்டி வரையுள்ள 19 கிலோமீட்டர் வேறு கதை. அங்கே பல்சக்கரம் கிடையாது, டீசல் எஞ்சின் இழுக்கிறது, வழியில் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிஜமாகவே ஆட்கள் வேலைக்கும் படிப்புக்கும் போகிற ஊர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஃபேக்டரி நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் பொருந்துகிற மாதிரி, முன்பதிவு இல்லாத பெட்டிகளோடு விட்டால் அது உள்ளூருக்குப் பெரிய உதவி. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அதற்கு மேல் ரொம்பக் கூட்டவும் முடியாது. பஸ்ஸுக்குத் துணையாக இருக்கும், மாற்றாக இருக்காது.

ரோப் காரைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பழனி மலைக்கோயிலில் 2004-லிருந்து ஓடுகிறது. தினமும் பராமரிப்புக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள், வருடத்துக்கு ஒரு முறை வாரக்கணக்கில் நிறுத்துகிறார்கள், பலமாகக் காற்று அடித்தாலும் நிறுத்துகிறார்கள். அங்கே படிக்கட்டும் விஞ்ச்சும் இருப்பதால் பக்தருக்குச் சிரமமில்லை. வேலைக்குப் போகிறவருக்கு அப்படி நிற்கிற வண்டி உதவாது. அதோடு அது இரண்டு முனைகளை மட்டும்தான் இணைக்கும், நடுவில் இருக்கிற எந்த ஹட்டியிலும் (படுகர் கிராமத்திலும்) நிற்காது.

பஸ்ஸைக் கூட்டுவதுதான் எல்லாரும் கேட்பது, நானும் கேட்பதுதான். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பேசாமல் எத்தனை புது வண்டி வந்தாலும் பயனில்லை. உதாரணத்துக்குச் சொல்கிறேன்: ஊட்டியிலிருந்து குன்னூர் போய், நின்று, திரும்பி வந்து, மறுபடி கிளம்ப இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வண்டி இருந்தால் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று வரும். மே மாதத்தில் அதே நடை நாலு மணி நேரமானால், அதே பத்து வண்டி, அதே டிரைவர், அதே டீசல், ஆனால் 24 நிமிஷத்துக்கு ஒன்றுதான் வரும். பழைய இடைவெளியைக் காப்பாற்றக் கூடுதலாக ஆறு வண்டி வேண்டும், அந்த ஆறும் அதே நெரிசலில்தான் போய் நிற்கும். டைம் டேபிள் மட்டும் மாறாமல் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு டிரிப் அடிபட்டால் அடுத்தடுத்த டிரிப்பும் தள்ளிப்போகும், கடைசியில் அடி வாங்குவது ராத்திரி ஹட்டிக்குப் போகிற கடைசி பஸ். அதை விட்டவர் ஜீப்புக்கோ ஆட்டோவுக்கோ அன்றைய கூலியில் பாதியைக் கொடுக்க வேண்டும். 2024-லிருந்து மலைப்பகுதியிலும் பெண்களுக்குச் சாதாரணப் பஸ்ஸில் கட்டணமில்லை, ரொம்ப நல்ல விஷயம், தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் வராத பஸ்ஸில் கட்டணமில்லாமல் போகவும் முடியாதே.

பெரிய வண்டியா மினி பஸ்ஸா என்றால், குன்னூர்–ஊட்டி மெயின் ரோட்டுக்குப் பெரியது, ஹட்டிகளுக்கு மினி பஸ். குறுகிய ரோட்டில், கொண்டை ஊசி வளைவில் பெரிய வண்டியை ஒடித்துத் திருப்பும் நேரத்தில் சின்ன வண்டி ஒரு ஸ்டாப்பைத் தாண்டிவிடும். அரைகுறைக் கூட்டத்தோடு நாளைக்கு மூன்று முறை பெரிய பஸ் வருவதை விட, ஆறு முறை மினி பஸ் வருவது மேல்.

அப்படியானால் பஸ்ஸுக்கு வழி விடுவது எப்படி? அங்கேதான் கார்களைக் கீழேயே நிறுத்துகிற நாலாவது யோசனை முதலாவதாகிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கு அந்த வரம்பு கிடையாது. நல்ல ஆரம்பம்தான், ஆனால் பாஸ் கிடைக்காதவர் பஸ்ஸில் வரட்டும் என்றால் அவர் ஏற ஒரு பஸ் தயாராக நிற்க வேண்டும். ஊட்டி ஓரத்தில் காரை நிறுத்திவிட்டுச் சுற்றுப் பேருந்தில் ஏறச் சொல்வது ஊருக்குள் இருக்கிற சேரிங் கிராஸ் சந்திப்பை மட்டும் காப்பாற்றும், மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் பர்லியாறிலும் காட்டேரியிலும் நிற்கிற நெரிசலை அது தொடாது. காரை மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்த வேண்டும். கோவையிலிருந்து ரயில் அங்கே வருகிறது, சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஸ்டேஷனை ஒட்டியே பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், பெட்டி வைக்க இடம், குழந்தையோடு வருகிறவருக்கு உட்கார இடம், மேலே சுற்றிப் பார்க்கவும் செல்லுபடியாகிற ஒரே டிக்கெட். இவ்வளவும் இருந்தால் காரை விட்டு வர நிறையப் பேர் தயங்க மாட்டார்கள்.

என் வரிசை இதுதான்: மேட்டுப்பாளையத்தில் கார் நிறுத்தம், கூடவே ஹட்டிகளுக்கு மினி பஸ், அப்புறம் குன்னூர்–ஊட்டி ரயிலில் வேலை நேர வண்டி. ரோப் காருக்கு என் பட்டியலில் இடமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: சீசன் சிறப்புப் பஸ்ஸுக்கு வண்டியும் டிரைவரும் வேறெங்கிருந்தாவது வரட்டும், மஞ்சூருக்கும் கீழ்கோத்தகிரிக்கும் ஓடுகிற வண்டியை அதற்காக எடுக்கக் கூடாது.