சில்வர் ஐயான் ஃபில்டருக்கு எக்ஸ்ட்ரா காசு குடுக்கலாமா?

ரூம் காத்த சுத்தம் பண்ற ஏர் ப்யூரிஃபையர் பத்திதான் பேச்சு. பிராண்ட் பேரு வேணாம், இப்ப வர்ற பாதி மாடல்ல இதே கதைதான். "99.9% கிருமிகளைக் கொல்லும் ஆன்ட்டி பாக்டீரியல் ஃபைபர் ஃபில்டர்"னு பாக்ஸ்ல பெருசா போட்டிருக்கான், சில்வர் ஐயான் கோட்டிங்காம் (வெள்ளி அயனிப் பூச்சு), அதுக்குன்னு சாதா ஹெப்பா ஃபில்டரை (பொடித் துகளை புடிக்கற நெருக்கமான இழை ஃபில்டர்) விட ரேட்டும் நல்லாவே ஜாஸ்தி.

நல்லத முதல்ல சொல்லிடறேன், மெஷின் வேலை செய்யுது. போகி அன்னிக்கு எங்க ஏரியால புகை மண்டிப் போச்சு, ஜன்னல சாத்திட்டு ஃபுல் ஸ்பீடுல விட்டேன், டிஸ்ப்ளேல பிஎம் 2.5 (காத்துல இருக்கற ரொம்ப பொடித் துகளோட அளவு) மளமளன்னு இறங்குச்சு, அம்மாவும் இருமாம தூங்குனாங்க. ஆனா அது ஃபைபரோட வேலைங்க, வெள்ளிக்கு அதுல பங்கே இல்ல. எச்13ங்கற கிரேடு ஹெப்பான்னா புடிக்கவே கஷ்டமான சைஸ் துகள்லயே 99.95% புடிச்சாகணும். பாக்டீரியா பெரும்பாலும் அதை விட பெருசு, ஈசியா மாட்டிக்கும். அதை விட பொடிசு நேரா போகாம அலைபாஞ்சு எங்கயாவது இழைல முட்டி ஒட்டிக்கும்.

சரி, வெள்ளி கிருமிய கொல்லாதான்னா கொல்லும், பொய் இல்ல. ஆனா தொடணும், ஈரம் இருக்கணும், டைம் வேணும். துணிக்கு பண்ற ஐஎஸ்ஓ 20743 டெஸ்ட்ல கிருமிய கோட்டிங் மேல 18லேர்ந்து 24 மணி நேரம் வெச்சிட்டுதான் எண்ணிப் பாக்கறாங்க, நம்ம ரூம் காத்து ஃபில்டர தாண்டறதுக்கு கண் சிமிட்டற நேரம் கூட ஆகாது. இதுல தூசி வேற படிஞ்சிடும், அப்புறம் வர்ற கிருமி தூசி மேலதான் உக்காரும், வெள்ளிய தொடவே தொடாது. ஃபில்டர்லயே பூஞ்சை புடிக்காம, நாத்தம் அடிக்காம இருக்க கொஞ்சம் உதவலாம், நம்ம சென்னை ஈரக்காத்துக்கு அது ஓகே. அமெரிக்கால பொருள் கெட்டுப் போகாம இருக்க போட்ட கோட்டிங்னு சொல்லிக்கலாம், நோய்க் கிருமிலேர்ந்து ஆளைக் காப்பாத்தும்னு சொன்னா இபிஏல (அந்த ஊரு சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) ரிஜிஸ்டர் பண்ணணும். இங்க இஷ்டத்துக்கு அடிச்சு விடறாங்க.

கடுப்பானது ரெண்டு விஷயம். வாசனைய இழுக்க வேண்டிய கார்பன் லேயர் பேருக்கு இருக்கு, மீன் வறுத்த வாசனை அப்படியே நிக்குது. கஸ்டமர் கேர்ல கேட்டா மெயின் ஃபில்டர கழுவி காய வெச்சு போடுங்கன்றாங்க, அய்யோ கழுவிடாதீங்க, முன்னாடி இருக்கற வலைய மட்டும்தான் கழுவலாம்.

வாங்கறதா இருந்தா சிஏடிஆர் பாருங்க, அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து தருதுங்கற அளவு. 10க்கு 12 அடி ரூம், 10 அடி ஹைட்னா 34 கன மீட்டர், மணிக்கு அஞ்சு தடவை காத்து சுத்தணும்னா 170க்கு மேல வேணும். ஃபில்டர் ஓரத்துல ரப்பர் டைட்டா உக்காருதான்னு கடைலயே கழட்டி மாட்டிப் பாத்துக்கோங்க, அங்க இடுக்கு இருந்தா காத்து அது வழியாவே ஓடிடும்.