குளிரை நம்பி ஓவர்கிளாக் செய்யலாமா? ரைசன் பெட்டியில் மூன்று வழிகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் கல்யாண வீடியோவும் கோயில் திருவிழா வீடியோவும் எடிட் செய்கிற கணினிப் பெட்டி என்னுடையது. ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் என்ற ஆறு கோர் (கணக்குப் போடும் மையம்) சிப், பி550 போர்டு, 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர். இதை ஓவர்கிளாக் செய்யப்போகிறேன், அதாவது சிப்பை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டப்போகிறேன் என்றதும் கொழும்பில் இருக்கும் கூட்டாளி சொன்னான்: "உங்க ஊர்ல ஏசியே தேவையில்லையே மச்சான், பயப்படாம ஏத்து." அதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பெருக்கியையும் (100 மெகாஹெர்ட்ஸை இத்தனை மடங்காக்கி வேகத்தை முடிவு செய்யும் எண்) வோல்டேஜையும் ஒரே எண்ணில் பூட்டிவிடும் பழைய பாணி ஒன்று. சிப்பின் மின் வரம்பைத் தளர்த்தும் பிபிஓவைத் திறந்துவிட்டு, அதன் பகுதியான கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்டேஜைக் குறைப்பது இன்னொன்று. மூன்றாவது, வாட் வரம்பைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் கொஞ்சம் இறக்குவது. அதை ஓவர்கிளாக் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதலில் பூட்டும் பாணி. பயோஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) பெருக்கி 45, வோல்டேஜ் 1.25 என்று போட்டால் ஆறு கோரும் 4.5 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிடும். புரிந்துகொள்ளச் சுலபம், சோதிக்கவும் சுலபம். பிரைம்95 என்ற கடும் சோதனை நிரலை ஓடவிட்டால் ஒன்று தாங்கும், இல்லை விழும். இடையில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் சிப் சும்மா விட்டாலே ஒற்றைக் கோரில் 4.6-ஐத் தொடும். பூட்டியதும் அது போய்விடுகிறது. பிரௌசர் திறப்பது, டைம்லைனில் இழுத்துப் பார்ப்பது எல்லாம் ஒன்றிரண்டு கோர் வேலைகள். ரெண்டரில் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்கும் வேலை) மிச்சப்படுத்தியதை எடிட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, 4.7 வரை ஏற்றினால் இரண்டும் கிடைக்குமே என்று நானும் நினைத்தேன். அதற்கு 1.35 வோல்ட் கேட்டது. செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.25-இலிருந்து 1.35 என்பது பார்க்க எட்டு சதவீதம்தான், ஆனால் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வெப்பம் இருபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. கிடைத்த வேகமோ நான்கரை சதவீதம். லோட்லைன் விஷயமும் உண்டு: 1.25 என்று போட்டிருப்பீர்கள், முழு வேலையில் 1.21-க்கு இறங்கியிருக்கும். அதைச் சரிக்கட்டும் பயோஸ் அமைப்பான எல்எல்சியை உச்சத்தில் வைத்தால், வேலை திடீரென்று நிற்கும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். நடு அளவுக்கு மேல் போகாதீர்கள்.

இனி மலை. கொழும்பு அறை 30 டிகிரி என்றால் என் அறை 20. அந்தப் பத்து டிகிரி அப்படியே சிப்பிலும் குறையும் என்பது நியாயமான கணக்கு. ஆனால் உயரத்தில் காற்று மெலிது. 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில், அதே வெப்பநிலையில், கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான காற்றைத்தான் ஃபேன் தள்ளுகிறது. குளிர் கொடுப்பதில் ஒரு பகுதியை உயரம் வாங்கிக்கொள்கிறது, ஆனாலும் நமக்கு லாபம்தான். வாட்டர் கூலர் வாங்கினால் இதிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதன் ரேடியேட்டரும் இதே காற்றைத்தான் நம்பியிருக்கிறது. ஆறு கோருக்கு நல்ல டவர் கூலர் போதும். பம்ப் பழுதானால் மாற்றுக்குக் கொழும்பு யூனிட்டி பிளாசா வரை போய்வரும் செலவையும் யோசியுங்கள்.

கர்வ் ஆப்டிமைசர்தான் எனக்குப் பிடித்தது, அடித்ததும் அதுதான். இதில் கோர் ஒவ்வொன்றுக்கும் 30 வரை எதிர்மறை எண் கொடுக்கலாம். ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். மிச்சமான வெப்பத்தை சிப் தானாகவே வேகமாக மாற்றிக்கொள்ளும். ஒற்றைக் கோர் பூஸ்டும் இருக்கும், எல்லாக் கோரும் ஓடும்போது பூட்டிய 4.5-க்குக் கிட்டவும் வந்துவிடும். ஒரு மணி நேர ரெண்டரில் பூட்டிய பாணிக்கும் இதற்கும் ஓரிரு நிமிட வித்தியாசம்தான் பார்த்தேன்.

ஆசையில் எல்லாக் கோருக்கும் −25 போட்டேன். சினிபெஞ்ச் என்ற ரெண்டர் சோதனை அரை மணி நேரம் ஓடியது, பிரைம்95 ஓடியது. ஆகா என்று இருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, முந்தைய நாள் கோப்புகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். திரை கறுத்தது. ரெண்டர் ஓடவில்லை, ஒன்றும் ஓடவில்லை. ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. எல்லாக் கோரும் வேலை செய்யும்போது வேகம் 4.4, 4.5-இல் நிற்கும், அங்கே −25 தாங்குகிறது. லேசான வேலையில் ஒரு கோர் மட்டும் உச்சத்துக்குத் தாவும், அந்த உச்சத்தில்தான் வோல்டேஜ் போதவில்லை. சிப் குளிர்ந்திருந்தால் தாவல் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். ஆக, பகல் வெயிலில் கடும் சோதனையில் தேறிய பெட்டி, ஜனவரி விடியலில் சும்மா இருக்கும்போது விழுந்தது. கொழும்புக் கூட்டாளியின் கணக்கு தலைகீழான இடம் இது. குளிர் வெப்பத்தைத்தான் பார்த்துக்கொள்ளும், வோல்டேஜ் குறையை அது மூடாது.

அதனால் இந்த வழிக்குச் சோதனை வேறு மாதிரி. கோர்சைக்ளர் என்ற ஸ்கிரிப்ட் பிரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓட்டும், அதை இரவு முழுக்க விடுங்கள். விடியலில் எழுந்ததும் எந்தக் கோர் தவறியது என்று பார்த்து, அதற்கு மட்டும் ஐந்து எண் திருப்பிக் கொடுங்கள். பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவென்ட் வியூவரில் வன்பொருள் பிழையைக் காட்டும் வீயா-லாகர், எண் 18 இருக்கிறதா என்று பாருங்கள். அதன் உள்ளே ஏபிக் ஐடி என்று ஓர் எண் இருக்கும், இந்தச் சிப்பில் அதை இரண்டால் வகுத்தால் பொதுவாகக் கோர் தெரியும். எனக்கு 4 என்று வந்தது, அதாவது கோர் 2. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் நிரலில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் நல்ல கோர்களில் அதுவும் ஒன்று. இப்படிப்பட்ட கோர்கள்தான் முதலில் இடறும். உச்ச வேகம் ஏற்கெனவே அவற்றிடம் இருப்பதால் குறைக்க இடம் கொஞ்சம்.

நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று இருக்கிறது: கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டியபோது யாரும் ஓவர்கிளாக்கைப் பற்றி யோசிக்கவில்லை, அது வேறு கதை. இப்போது படுத்துவது அரை நொடி இறக்கங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் போடும் நேரம், பல்பு ஒருமுறை கண்சிமிட்டும், பெட்டி விழும். விழுந்தது கரண்டாலா, கர்வாலா? இரண்டுக்குமே இவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்றுதான் பதியும். எண் 18-உம் கூட இருந்தால் சிப் மீது சந்தேகப்படலாம். இல்லாவிட்டாலும் சிப் தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது, சில வேளை பதிய நேரம் கிடைக்காமலே விழும். நான் இரண்டு வாரம் நல்ல கோர்களை வீணாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்த பிறகுதான் பாதி விழுகைகள் காணாமல் போயின. யுபிஎஸ் இல்லாமல் கர்வ் ஆப்டிமைசரில் இறங்குவது இருட்டில் ஊசிக்கு நூல் கோர்ப்பது மாதிரி. பூட்டிய பாணிக்கு இந்தக் குழப்பம் குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியைத் தலவாக்கலையில் இருக்கும் தங்கச்சியின் பெட்டியில் செய்தேன். அதே சிப், கூடவே வந்த சின்னக் கூலர். எல்லாக் கோருக்கும் −10, அத்தோடு சரி. ஒரு கவனம்: பிபிஓ வரம்பை 'மதர்போர்டு' என்று விட்டுவிடாதீர்கள், போர்டு வாட்டை அள்ளிக் கொடுக்கும். கையால் 76 வாட், நீடித்த மின்னோட்டம் 60 ஆம்பியர், நொடிநேர உச்சம் 90 ஆம்பியர் என்று ஆதி எண்களையே போடுங்கள். வேகம் பெயருக்குத்தான் கூடியது, ஆனால் ஃபேன் சத்தம் அடங்கியது. "அண்ணே, ஓடுதான்னே தெரியலையே" என்று போனில் சொன்னாள். பாடம் படிக்கவும் ஜூம் வகுப்புக்கும் இதற்கு மேல் எதற்கு?

இன்டெல் வைத்திருப்போர் கேட்பார்கள். கே என்ற எழுத்து இல்லாத சிப், இசட் இல்லாத போர்டு என்றால் பெருக்கியை ஏற்ற வழியில்லை. 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்கள் என்றால் முதலில் பயோஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜால் அவை சீர்குலைவதை ஒப்புக்கொண்டு 2024-இல் இன்டெல்லே திருத்தம் வெளியிட்டது. அவற்றில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. ஏஎம்டியிலும் பிபிஓவைத் தொட்டால் உத்தரவாதம் போகும் என்று நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது, தெரிந்துகொண்டு இறங்குங்கள். ரேமின் எக்ஸ்எம்பியை (ரேமை அதில் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலில் தேற்றிய பிறகே சிப்பைத் தொடுங்கள், இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் யார் குற்றவாளி என்று தெரியாது.

இரவு பகலாக ரெண்டர் மட்டும் ஓடும் பெட்டிக்குப் பூட்டும் பாணியையே சொல்வேன். பொறுமையும் யுபிஎஸ்ஸும் இருந்தால் கர்வ் ஆப்டிமைசர். இரண்டும் இல்லையென்றால் தங்கச்சியின் பெட்டி.

என்னுடையதில் இப்போது கோர் 2-க்கு −5, நட்சத்திரம் உள்ள மற்றதற்கு −10, மிச்ச நான்குக்கும் −20, பூஸ்ட் ஓவர்ரைட் (உச்ச வேக வரம்பை உயர்த்தும் எண்) பூச்சியம். பயோஸ் புரொஃபைலில் சேமித்தும் வைத்திருக்கிறேன். ஐந்து வாரமாக எண் 18 வரவில்லை. ஏப்ரலில் பின்னேர இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். டிசம்பர் குளிர் இறங்கியதும் கோர் 2-ஐ இன்னோர் இரவு ஓட்டிப் பார்க்க வேண்டும்.