மூன்று வருடங்கள், இரண்டு விமானங்கள்: வீட்டு சிமுலேட்டரில் என் அனுபவம்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் வந்தபோது எல்லோரையும் போல நானும் காட்சிகளில்தான் மயங்கினேன். ஏதாவது ஒரு ஜெட்டை எடுப்பேன், ஓடுபாதையின் முனையிலிருந்தே கிளம்புவேன், கீழே போகும் மலைகளையும் தீவுகளையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. எந்த விமானத்தை எடுத்தாலும் ஓட்டும் விதம் ஒன்றாகவே இருந்தது. காக்பிட்டில் பாதி சுவிட்சுகளைத் தட்டினால் எதுவுமே நடக்காது.

2022இல் பி.எம்.டி.ஜி. என்ற நிறுவனத்தின் போயிங் 737-800 ஆட்-ஆனை, அதாவது சிமுலேட்டரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் விமானத்தை, வாங்கினேன். அடுத்த ஆண்டு ஏ2ஏ நிறுவனத்தின் பைப்பர் கமாஞ்சி என்ற சிறிய விமானம். அதற்கப்புறம் மூன்று வருடங்களாகப் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் பறக்கிறேன். வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனத்தில் இந்த மாதிரி விமானங்களைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பது நாம் தப்பு செய்யும்போதுதான் தெரியவரும், தப்பு செய்வதற்கும் நாள் வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 737ஐ முழுக்க அணைந்த நிலையிலிருந்து கிளப்பப் பழகிக்கொண்டிருந்த முதல் வாரம். பேட்டரி, ஏ.பி.யூ. (மின்சாரமும் காற்றும் தரும் சிறிய துணை என்ஜின்), ஐ.ஆர்.எஸ். (விமானத்தின் இருப்பிடத்தையும் திசையையும் கணிக்கும் கருவி) எல்லாம் முடித்து, என்ஜின் ஸ்டார்ட் சுவிட்சைத் திருப்பினேன். என்2 (என்ஜினின் உள் தண்டு சுழலும் வேகம்) 25 சதவீதத்தைத் தொட்டதும் ஸ்டார்ட் லீவரைத் தூக்கி எரிபொருளைத் திறக்க வேண்டும். ஆனால் எண் 15, 16, 17 என்று ஊர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. சிமுலேட்டரில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மேல் பேனலில் டக்ட் பிரஷர், அதாவது குழாயில் வரும் காற்றின் அழுத்தம், காட்டும் முள்ளைப் பார்த்தேன், கீழே கிடந்தது. இரண்டு பேக் சுவிட்சுகளும் ஆட்டோவில் இருந்தன. கேபினுக்குக் குளிர்காற்று தரும் பேக்குகளும், என்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரும் ஒரே ஏ.பி.யூ. காற்றைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. பேக்குகளை அணைத்தேன். முள் நிமிர்ந்தது, என்2 ஏறியது, 25இல் லீவரைத் தூக்கினேன், இ.ஜி.டி. (வெளியேறும் புகையின் வெப்பநிலை) எகிறி அடங்கியது, 56 சதவீதத்தில் ஸ்டார்ட் சுவிட்ச் தானாக விடுபட்டு டக்கென்று திரும்பியது.

அன்றைக்கு நான் எங்கேயும் பறக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து மூன்று முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். "என்ஜின் ஸ்டார்ட்டுக்கு முன் பேக்ஸ் ஆஃப்" என்ற செக்லிஸ்ட் வரியைப் பத்து முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. காரணத்தைக் கண்ணால் பார்த்தபின் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

இறக்கம் கற்றுக்கொள்ள இதைவிட நாளாயிற்று. 737-800 வழுக்கிக்கொண்டு போகும் விமானம், ஒரே நேரத்தில் உயரத்தையும் வேகத்தையும் குறைக்க லேசில் சம்மதிக்காது. ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது கணக்கு. 35,000 அடியிலிருந்து தரைமட்டத்துக்கு வர 105 மைல், வேகம் குறைக்க இன்னும் சில மைல், பின்காற்று இருந்தால் அதற்கும் சேர்த்து. விமானத்தின் கணினியில் உள்ள வி.நாவ் இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடும், சரிதான். ஆனால் ஆன்லைனில் பறக்கும்போது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக இருப்பவர் நம்மை வேறு பக்கம் திருப்பி, பாதையைக் குறுக்கிவிட்டால் வி.நாவ் போட்ட கணக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆரம்ப மாதங்களில் இறக்கைமேல் தகடுகளை எழுப்பி வேகத்தைக் குறைக்கும் ஸ்பீட் பிரேக்கைப் பிடித்து இழுத்தபடியேதான் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் வந்து சேர்ந்தேன். இப்போது ஒவ்வொரு பத்தாயிரம் அடிக்கும் மனக்கணக்கு தானாக ஓடுகிறது. ஸ்பீட் பிரேக்கைத் தொடாமல், இறங்கத் தொடங்கியதிலிருந்து த்ராட்டிலையும் கூட்டாமல், ஃப்ளாப் ஒவ்வொன்றாக இறக்கி, ஆயிரம் அடியில் எல்லாம் தயாராக இருக்கும்படி வந்து சேரும் நாளில் வரும் திருப்தியை எந்த மலைக்காட்சியும் தந்ததில்லை.

சரி, கமாஞ்சிக்கு வருகிறேன். மனதுக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நிஜ கமாஞ்சி முதலில் பறந்தது 1956இல். ஒற்றை என்ஜின், ஆறு சிலிண்டர் லைக்கமிங், 250 குதிரைசக்தி. இதை யார் போய் வாங்குவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்த விமானத்துக்கு ஞாபகசக்தி உண்டு. நேற்று என்ஜினை எப்படி நடத்தினோமோ அது இன்றைக்கும் அதற்குள் இருக்கும். கிளம்புவதற்கு முன் கீழே இறங்கிச் சுற்றிவர வேண்டும். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்று, எண்ணெய் அளவைப் பார், டேங்கின் அடியிலிருந்து எரிபொருள் மாதிரி எடுத்துத் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார். இத்தனையும் செய்தபின்தான் சாவி.

முதல் சில மாதங்கள் டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டும்போது) மிக்ஸ்ச்சரை, அதாவது எரிபொருள்-காற்றுக் கலவையை, முழு ரிச்சிலேயே (எரிபொருள் மிகுந்த நிலையிலேயே) விட்டுவந்தேன். ஒருநாள் மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி, இடது வலது என இரண்டு) சோதனையில், இடது பக்கம் திருப்பியதும் என்ஜின் இருமத் தொடங்கியது. ஆர்.பி.எம். விழுந்தது, பேனல் நடுங்கியது. முழுக்க எரியாத எரிபொருளின் படிவு ஸ்பார்க் பிளக்கில் சேர்ந்து அடைத்திருந்தது. இதற்கு விமானிகள் செய்யும் வைத்தியத்தைச் செய்தேன். இரண்டு மேக்னெட்டோவுக்கும் திரும்பி, ஆர்.பி.எம்.மைக் கூட்டி, மிக்ஸ்ச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக லீன் செய்து (எரிபொருளைக் குறைத்து), அந்தச் சூட்டில் படிவு எரியக் காத்திருந்தேன். மறுபடி இடது பக்கம் திருப்பினால் சுத்தமான சத்தம். அன்றிலிருந்து தரையில் எப்போதும் லீன்தான், கை தானாகப் போகிறது.

இன்னொரு நாள் ஈரமான மேகத்துக்கு அடியில் சக்தி மெல்ல மெல்லக் குறைந்தது. கார்புரேட்டரில் பனிக்கட்டி. கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்ததும் என்ஜின் இன்னும் மோசமாக இருமியது, உருகிய தண்ணீர் உள்ளே போவதால். அந்தச் சில விநாடிகளில் பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளிவிடாமல் பொறுத்திருக்க வேண்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நன்றாகவே தெரியும், ஆனாலும் உள்ளங்கை வேர்த்தது.

குறைகளும் உண்டு. சிமுலேட்டருக்குப் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஆட்-ஆன் உடையும். நான் வைத்திருந்த இன்னொரு ஜெட் ஒரு அப்டேட்டுக்குப் பின் ஆட்டோபைலட்டில் திருப்பங்களைத் தாண்டித் தாண்டிப் போனது, சரியாகி வரச் சில வாரங்கள் ஆயின. இப்போது அப்டேட் வந்த அன்றைக்கு நீண்ட பயணம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. இந்த விமானங்களுக்குக் கணினியும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், பெரிய விமான நிலையங்களில் படம் திக்கும். அங்கே காட்சித் தரத்தைக் குறைத்துக்கொள்வேன், அதற்கு வருத்தமில்லை.

வன்பொருளில் ஒன்றே ஒன்று சொல்வேன்: புதிய திரை வாங்குவதற்கு முன் ரடர் பெடல் (மூக்கை இடம் வலம் திருப்பக் காலால் மிதிப்பது) வாங்குங்கள். குறுக்குக்காற்றில் மூக்கை நேராக்கி இறக்குவதை ஜாய்ஸ்டிக்கை முறுக்கிக் கற்க முடியும், ஆனால் கால் கற்றுக்கொள்வது வேறு.

புதிதாக வருபவர்கள் உடனே பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் (ஏர்பஸ் ஏ320நியோ) இலவசம், எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் வைத்திருந்தால் ஜிபோ 737ம் இலவசம். இரண்டுமே ஆழமானவை. ஒரு மாதம் அதிலேயே பறந்து, செக்லிஸ்ட் படிப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்து ஏர்பஸ்தான் வேண்டும் என்றால் ஃபீனிக்ஸ் ஏ320 இருக்கிறது, அதில் சர்க்யூட் பிரேக்கரைக்கூட இழுத்துப் பார்க்கலாம். தள்ளுபடி வந்ததே என்று ஐந்து விமானங்களை ஒன்றாக மட்டும் வாங்காதீர்கள். ஐந்தையும் கிளப்பத் தெரியும், ஒன்றையும் ஓட்டத் தெரியாது என்று ஆகிவிடும்.

போன வாரம் கமாஞ்சியைக் கொட்டகைக்குள் விட்டு கம்ப்ரெஷன் (சிலிண்டர்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று) சோதித்தேன். ஐந்து சிலிண்டர்கள் நன்றாக இருக்கின்றன, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கீழே. சென்ற கோடையில் ஒரு மலைக்கணவாயைத் தாண்டும் அவசரத்தில் சிலிண்டர் சூட்டைக் கவனிக்காமல் செங்குத்தாக ஏறியது நினைவுக்கு வந்தது. ஒரு கிளிக்கில் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாம். அப்படிச் செய்யவில்லை, அந்த ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு எடுத்து, விமான நிலையத்தை விட்டு விலகாமல் ஒரு மணிநேரம் மெதுவாகச் சுற்றிவரப் போகிறேன்.